கலப்பு 4×400 தொடர் ஓட்டம்: அணி சேர்ப்பது முதல் கோட்டைத் தாண்டுவது வரை

இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், ஆளுக்கு ஒரு சுற்று. கேட்பதற்கு எளிது. ஆனால் கலப்புத் தொடர் ஓட்டத்துக்கு முதன்முறையாக அணி தயார் செய்யும் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். வேகமான நால்வரைப் பிடித்துவிடுகிறார்கள்; பேட்டன் (ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும் குழல்) கை மாறும் மூன்று மாற்றங்களையும் ஒரே மாதிரி பழக்கிவிடுகிறார்கள். ஆண் ஓடி வந்து பெண்ணிடம் கொடுப்பது ஒரு வேலை. பெண் ஓடி வந்து ஆணிடம் கொடுப்பது முற்றிலும் வேறு வேலை. இந்த வழிகாட்டியில் ஐந்தாம் பகுதி மட்டும் நீண்டு கிடப்பதற்கு அதுதான் காரணம். நேரம் இல்லாதவர்கள் அதை மட்டுமாவது படியுங்கள்.

இங்கே சொல்லும் விதிகள் உலகத் தடகள அமைப்பின் விதிகள். உங்கள் மாவட்டப் போட்டியிலோ பல்கலைக்கழகப் போட்டியிலோ சிறு மாறுதல்கள் இருக்கலாம். போட்டிக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

1. வரிசை உங்கள் கையில் இல்லை

ஆண், பெண், ஆண், பெண். சர்வதேசப் போட்டிகளில் இப்போது இதுதான் வரிசை. மாற்ற முடியாது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், புதியவர்கள் பழைய காணொலிகளைப் பார்த்துத் திட்டம் போடுகிறார்கள் என்பதுதான். 2019 தோகா உலகப் போட்டியில் யாரை எந்தச் சுற்றில் ஓட்டுவது என்பது அணியின் விருப்பம். இறுதிப் போட்டியில் போலந்து இரண்டு ஆண்களையும் முதலில் ஓடவிட்டு, இரண்டு பெண்களையும் கடைசிக்கு வைத்தது. பெரிய இடைவெளியில் முன்னால் போனது. பின்னால் துரத்தி வந்த ஆண்கள் அதைக் கரைத்துவிட்டார்கள். கிடைத்தது ஐந்தாம் இடம். அதே போலந்து 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண், பெண், பெண், ஆண் என்று ஓடி 3 நிமிடம் 9.87 விநாடியில் தங்கம் வென்றது. 2022 யூஜீன் உலகப் போட்டியில் எல்லா அணிகளும் ஆண், பெண், ஆண், பெண் என்றே ஓடின.

ஆகவே 2021 வரையிலான ஓட்டங்களைப் பார்த்து, 'கடைசியில் ஒரு ஆணை வைத்துத் துரத்தலாம்' என்று கணக்குப் போடாதீர்கள். எதிரணியிலும் அதே சுற்றில் பெண்தான் ஓடுவார். வரிசையை வைத்துச் சூழ்ச்சி செய்யும் காலம் முடிந்துவிட்டது. உங்கள் கையில் இருப்பவை இரண்டே இரண்டு: இரு ஆண்களில் யார் முதலில், இரு பெண்களில் யார் கடைசியில்.

2. முன்கூட்டியே தேவைப்படுபவை

நான்கு பேர் போதாது. மூன்று ஆண்கள், மூன்று பெண்கள் என்று ஆறு பேருடன் பயிற்சியைத் தொடங்குங்கள். ஒரு பெண்ணுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டால், மாற்றாக ஒரு ஆணை இறக்க முடியாது என்பதைப் பலர் போட்டி நாளில்தான் உணர்கிறார்கள். மற்ற தொடர் ஓட்டங்களுக்கு ஒரே ஒரு மாற்று ஆள் போதும். இங்கே பக்கத்துக்கு ஒருவர் வேண்டும்.

பேட்டன் விதிப்படி இருக்கட்டும்: நீளம் 28 முதல் 30 செ.மீ., குறுக்களவு ஏறத்தாழ 4 செ.மீ., எடை 50 கிராமுக்குக் குறையக்கூடாது. மைதானத்தில் கிடைத்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டை வைத்துப் பழக்கும் அணிகளைப் பார்த்திருக்கிறேன். சிறிய கை உள்ளவருக்கு மெல்லிய குழாய் எளிதாக அடங்கும். போட்டியில் தடித்த பேட்டன் கைக்கு வந்ததும் பிடி தவறும்.

நிறம் தெளிவாகத் தெரியும் ஒட்டு நாடா ஒரு சுருள், இரண்டு ஸ்டாப்வாட்ச், நால்வரின் சமீபத்திய 400 மீட்டர் நேரங்கள் ஆகியவையும் வேண்டும். சமீபத்திய நேரம் என்றால் இந்த மாதத்து நேரம். போன வருடம் ஓடிய சிறந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவது, போன வருடத்துச் சம்பளத்தில் இந்த வருடம் குடும்பம் நடத்துவது போல.

கையுறை கூடாது. பிடிக்காகக் கையில் பசையோ வேறு எதுவோ தடவுவதும் கூடாது.

3. ஆளைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் ஒரு கூட்டல் போடுங்கள். உங்கள் ஆண்கள் 47.0, 47.5 விநாடி, பெண்கள் 55.0, 56.0 விநாடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 205.5 விநாடி. முதல் ஆள் மட்டும்தான் நின்ற இடத்திலிருந்து துப்பாக்கிச் சத்தத்துக்குப் புறப்படுகிறார். மற்ற மூவரும் பேட்டன் கைக்கு வரும்போதே ஓடிக்கொண்டிருப்பார்கள். அதனால் ஆளுக்கு அரை விநாடிக்கு மேல் மிச்சமாகும். மூவருக்கும் சேர்த்து இரண்டு விநாடி கழித்தால் 3 நிமிடம் 23.5 விநாடி. இதுதான் உங்கள் அணியின் மதிப்பு. மைதானத்தில் இதைவிட அதிகம் எடுத்தால், அந்த மிகுதி போன இடம் பெரும்பாலும் மாற்றங்கள்தான்.

மேலே எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள: 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் அமெரிக்கா ஓடியது 3 நிமிடம் 7.41 விநாடி, அன்றைய உலகச் சாதனை. ஆண், பெண் சேர்த்து ஆளுக்குச் சராசரி 46.85 விநாடி. 2025இல் தென்கொரியாவின் குமியில் நடந்த ஆசியப் போட்டியில் சந்தோஷ் குமார், ரூபல் சௌத்ரி, விஷால், சுபா வெங்கடேசன் ஆகியோர் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த நேரம் 3 நிமிடம் 18.12 விநாடி. சராசரி 49.53. அந்த நால்வரில் மூவர் தமிழ்நாட்டவர்.

அடுத்து, நாள்களைப் பாருங்கள். பெரிய போட்டிகளில் கலப்புத் தொடர் ஓட்டம் பெரும்பாலும் தொடக்க நாள்களிலேயே வந்துவிடும். பாரிஸில் ஆகஸ்ட் 2 தகுதிப் போட்டி, ஆகஸ்ட் 3 இறுதி. உங்கள் சிறந்த வீராங்கனைக்குத் தனிநபர் 400 மீட்டரோ தடை ஓட்டமோ அடுத்த நாளே இருந்தால், தகுதிப் போட்டியில் அவருக்கு ஓய்வு கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். நெதர்லாந்து அதைத்தான் செய்தது. ஃபெம்கே போல் தகுதிப் போட்டியில் ஓடவில்லை. இறுதியில் கடைசிச் சுற்றில் நான்காம் இடத்தில் பேட்டனை வாங்கி முதலிடத்தில் கொண்டுவந்து சேர்த்தார். அவருடைய சுற்று 47.93 விநாடி. ஓய்வு கொடுப்பது துணிச்சலான கணக்கு: மாற்று வீராங்கனை இறுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

அணி ஒருமுறை ஓடிவிட்ட பிறகு, அடுத்தடுத்த கட்டங்களுக்கு அதிகபட்சம் நான்கு புதிய ஆள்களைத்தான் சேர்க்கலாம்.

4. யாருக்கு எந்தச் சுற்று

முதல் சுற்று முழுவதும் லேனுக்குள், அதாவது கோடு போட்டுப் பிரித்த அவரவர் பாதைக்குள். நெரிசல் இல்லை. ஸ்டார்ட்டிங் பிளாக்கிலிருந்து நன்றாகப் புறப்படும் ஆணை இங்கே வையுங்கள். பக்கத்தில் யார் எப்படிப் போகிறார் என்று பார்க்காமல் தன் ஓட்டத்தை ஓடத் தெரிந்தவர் வேண்டும். வெளி லேனில் நிற்பவருக்கு எல்லோரும் பின்னால் இருப்பதால் தான் முன்னால் போவது போலத் தோன்றும். உண்மையில் அது கோடுகளை முன்தள்ளிப் போட்டதால் வரும் மயக்கம்.

மூன்றாம் சுற்றுக்கு முண்டியடித்து ஓடத் தெரிந்த ஆண். எதிரே ஆறேழு பேர், தோளுக்குத் தோள். 800 மீட்டர் ஓடிப் பழகியவருக்கு இந்த நெரிசல் புதிதல்ல. 400 மீட்டரில் அரை விநாடி வேகமான, ஆனால் கூட்டத்தில் தடுமாறுகிற ஒருவரைவிட இவர் மேல் என்பது என் எண்ணம்.

பெண்களில் யார் கடைசி? 'வலிமையானவர் கடைசியில்' என்று எல்லோரும் சொல்வார்கள். நெதர்லாந்து போலை அப்படித்தான் வைக்கிறது. ஆனால் 2022இல் யூஜீனில் தங்கம் வென்ற டொமினிக்கன் குடியரசு, டோக்கியோ ஒலிம்பிக் 400 மீட்டரில் வெள்ளி வென்ற மாரிலெய்டி பாலினோவை இரண்டாம் சுற்றில் ஓடவிட்டது; கடைசியில் ஓடியவர் ஃபியோர்டலிசா கோஃபில். காரணம் எளிது. இரண்டாம் சுற்றில்தான் எல்லோரும் லேனை விட்டு உள்ளே வருகிறார்கள். அங்கே முன்னால் இருப்பவருக்கு நல்ல இடம். அடுத்த மாற்றத்தில் அவருடைய அணிக்கு உள்பக்க இடம். உங்கள் அணியில் ஃபெம்கே போல் போன்ற ஒருவர் இல்லை என்றால் (யாரிடமும் இல்லை), வலிமையான பெண்ணை இரண்டாம் சுற்றில் வைப்பதையே நான் விரும்புவேன். புதிய அணிகள் நெரிசலில்தான் நேரத்தை இழக்கின்றன. முன்னால் ஓடினால் நெரிசல் குறைவு.

5. இரண்டு வகை மாற்றம்

முதல் மாற்றம்: ஆணிடமிருந்து பெண்ணுக்கு. இரண்டாவது: பெண்ணிடமிருந்து ஆணுக்கு. மூன்றாவது: மறுபடியும் ஆணிடமிருந்து பெண்ணுக்கு, இம்முறை கூட்டத்துக்கு நடுவில். மூன்றையும் தனித்தனியாகப் பழக்குங்கள்.

*ஏன் வேறுபாடு?* 48 விநாடியில் ஓடும் ஆண், தளர்ந்துபோன கடைசி 20 மீட்டரிலும் விநாடிக்கு 7 மீட்டருக்கு மேல் வருவார். 56 விநாடியில் ஓடும் பெண் அதே இடத்தில் 6 மீட்டர் அல்லது சற்று மேல். பேட்டனை வாங்கக் காத்திருப்பவரோ நின்ற இடத்திலிருந்து முதல் 10 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ இரண்டு விநாடி எடுப்பார். அந்த இரண்டு விநாடியில் வருகிற ஆண் 15 மீட்டர் கடந்துவிடுவார். வருகிற பெண் 12, 13 மீட்டர். ஆகவே ஆணிடம் வாங்கும் பெண் முன்னதாகவே புறப்பட வேண்டும். பெண்ணிடம் வாங்கும் ஆண் பொறுத்திருந்து புறப்பட வேண்டும்.

நான் தொடங்கும் அளவு இது: ஆண் வருகிறார் என்றால் அவர் 6 மீட்டர் பின்னால் இருக்கும்போது பெண் புறப்படலாம். பெண் வருகிறார் என்றால் 3 மீட்டர். பிறகு உங்கள் ஆள்களுக்கு ஏற்ப அரை அரை மீட்டராக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் நானும் மூன்றுக்கும் ஒரே 5 மீட்டர் அளவு வைத்திருந்தேன். ஒரு போட்டியில் மூன்றாம் மாற்றத்தில் வந்த பையன் வேகத்தை அடக்க முடியாமல் பெண்ணின் முதுகில் மோதி, இருவரும் விழுந்தார்கள். அதே ஓட்டத்தில் இரண்டாம் மாற்றத்தில் வாங்க நின்ற ஆண் முன்னால் ஓடிவிட்டு, பேட்டனுக்காக நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் காரணம் என் ஒரே அளவு. இரண்டு பேரையும் நான் திட்டியதுதான் இன்றும் உறுத்துகிறது.

*எங்கே நிற்பது?* மாற்றுப் பகுதி 20 மீட்டர். அதற்குள் எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம். தொடர் ஓட்டத்தில் மொத்தத் தூரம் மாறாது. யார் எத்தனை மீட்டர் ஓடுகிறார் என்பதுதான் மாறும். இந்த இடத்தில்தான் கலப்பு அணிக்கு ஒரு தனி ஆதாயம் ஒளிந்திருக்கிறது.

பெண்ணிடமிருந்து ஆண் வாங்கும்போது, பகுதி தொடங்கும் இடத்திலேயே ஆண் நிற்கட்டும். பேட்டன் பகுதியின் முற்பாதியிலேயே மாறட்டும். தளர்ந்த பெண் ஓட வேண்டிய கடைசி மீட்டர்களைப் புதிதாகப் புறப்படும் ஆண் எடுத்துக்கொள்கிறார். ஆணிடமிருந்து பெண் வாங்கும்போது அதற்கு நேர்மாறு: பெண் 5, 6 மீட்டர் உள்ளே தள்ளி நின்று, பகுதியின் பிற்பாதியில் வாங்கட்டும். தளர்ந்திருந்தாலும் அந்த ஆணின் வேகம், தன் சுற்றின் கடைசியில் அந்தப் பெண்ணுக்கு இருக்கப்போகும் வேகத்தைவிட அதிகம். 10 மீட்டரை இவர் ஓடுவதற்கும் அவர் ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு விநாடியில் பத்தில் ஒன்றோ இரண்டோதான். யூஜீனில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே இருந்தது 0.08 விநாடி.

ஒரு எச்சரிக்கை. பகுதியின் கடைசி 4 மீட்டரை ஆபத்துக்கு என்று ஒதுக்கிவையுங்கள். பேட்டன் பகுதிக்கு வெளியே மாறினால் தகுதி நீக்கம். எது உள்ளே, எது வெளியே என்பதைத் தீர்மானிப்பது பேட்டன் இருக்கும் இடம். ஓடுபவரின் காலோ உடலோ அல்ல.

*எந்தக் கையில்?* வருகிறவர் வலக்கையில் பேட்டனைக் கொண்டுவரட்டும். வாங்குபவர் மைதானத்தின் உள்பக்கமாகத் திரும்பி, இடக்கையைப் பின்னால் நீட்டி வாங்கட்டும். வாங்கியதும் இரண்டு மூன்று அடிக்குள் வலக்கைக்கு மாற்றிக்கொள்ளட்டும். உள்பக்கம் பார்த்து நின்றால் வருகிறவரும் தெரிவார், உள்ளே நெருக்குகிற மற்ற அணிகளும் தெரியும். கையைத் தோள் உயரத்தில் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். உயரமான ஆண், உயரம் குறைந்த பெண்ணின் கைக்குப் பேட்டனை மேலிருந்து இறக்கப் பழகியிருக்க வேண்டும். கண்ணால் பார்த்து வாங்குவதே இங்கே முறை. 4×100இல் செய்வது போலப் பார்க்காமல் வாங்குவது இங்கே வீண் துணிச்சல்; தளர்ந்து வருகிறவரின் வேகத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

*எப்படிப் பழக்குவது?* மெல்ல ஓடிப் பழக்குவது முதல் நாளுக்கு மட்டும் போதும். அதன் பிறகு, கொடுப்பவர் 300 மீட்டர் உண்மையான வேகத்தில் ஓடிவிட்டு வந்து கொடுக்க வேண்டும். புத்துணர்ச்சியுடன் 50 மீட்டர் ஓடிவந்து கொடுத்துப் பழகிய அளவு, போட்டியில் பொய்யாகிவிடும். இதனால் ஒரு பயிற்சி நாளில் மூன்று நான்கு மாற்றங்களுக்கு மேல் செய்ய முடியாது. பரவாயில்லை.

மூன்றாவது கட்டமாகக் கூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இளைய மாணவர்கள் ஆறு பேரை இருபுறமும் நிறுத்தி, கையை நீட்டிக் கத்தச் சொல்லுங்கள். அவர்களுக்கு இது விளையாட்டு. உங்கள் வீராங்கனைக்கு அந்தச் சத்தத்தில் தன் ஆளைக் கண்டுபிடிக்கும் பயிற்சி.

6. கோடுகளைக் காலால் நடந்து பாருங்கள்

போட்டிக்கு முந்தைய நாள் நால்வரையும் ஓடுபாதைக்கு அழைத்துப் போங்கள். 4×400க்கு மூன்று வளைவுகள் லேனுக்குள் ஓட வேண்டும்: முதல் சுற்று முழுவதும், இரண்டாம் சுற்றின் முதல் வளைவும். அதனால் இதன் தொடக்கக் கோடு தனி 400 மீட்டர் தொடக்கக் கோட்டைவிட வெளி லேன்களில் இன்னும் முன்னால் இருக்கும். 400 மீட்டர் கோட்டில் பிளாக்கைப் பொருத்திவிட்டுத் திருதிருவென விழிப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

முதல் மாற்றுப் பகுதியும் அதே காரணத்தால் லேனுக்கு லேன் முன்தள்ளியே இருக்கும். இரண்டாம், மூன்றாம் மாற்றங்களுக்கு எல்லோருக்கும் ஒரே பகுதி: முடிவுக் கோட்டுக்கு 10 மீட்டர் முன்பிலிருந்து 10 மீட்டர் பின்பு வரை. சர்வதேச முறைப்படி 4×400 பகுதிக் கோடுகள் நீலம், 4×100 பகுதிக் கோடுகள் மஞ்சள். நம் ஊர்ப் பாதைகளில் பல இடங்களில் நிறம் மங்கிப் போயிருக்கும்; அதிகாரியிடம் கேட்டே உறுதிசெய்யுங்கள்.

ஒட்டு நாடா அடையாளம் லேனுக்குள் நடக்கும் மாற்றத்துக்கு மட்டுமே அனுமதி. அதாவது முதல் மாற்றத்துக்கு. ஒரே ஒரு துண்டு, 5 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளத்துக்கு மிகாமல். மற்ற இரண்டு மாற்றங்களிலும் கண்தான் அளவுகோல். 6 மீட்டர் எவ்வளவு, 3 மீட்டர் எவ்வளவு என்று கண்ணுக்குப் பழக, பயிற்சியில் நாடாவை ஒட்டிப் பத்து முறை செய்துவிட்டு, பிறகு கிழித்துவிட்டுச் செய்யுங்கள்.

இடம் தவறினால் எவ்வளவு பெரிய அணியும் மாட்டிக்கொள்ளும். டோக்கியோ ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் அமெரிக்கா, மாற்றம் பகுதிக்கு வெளியே நடந்ததாகத் தகுதி நீக்கப்பட்டது. அதிகாரி நிறுத்திய இடமே தவறு என்று முறையிட்டு மீண்டும் உள்ளே வந்து, கடைசியில் வெண்கலம் வென்றது. அதிகாரி காட்டும் இடம் நேற்று நீங்கள் நடந்து பார்த்த கோட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால், ஓடுபவர் அங்கேயே பணிவாகக் கேட்க வேண்டும். அதற்குக் கோடு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

7. லேனை விட்டு உள்ளே வருவது

இரண்டாம் சுற்றில் ஓடும் பெண்ணின் தனிப் பாடம் இது. முதல் வளைவு முடியும் இடத்தில், ஓடுபாதையின் குறுக்கே வளைந்து போகும் பச்சைக் கோடு இருக்கும். அதைக் கடந்த பிறகுதான் உள்ளே வரலாம். கடக்கும் முன் லேன் கோட்டை மிதித்தால் ஆபத்து.

2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கை அணி இரண்டாவதாக வந்தும், லேன் விதியை மீறியதால் தகுதி நீக்கப்பட்டது. மூன்றாவதாக 3 நிமிடம் 14.34 விநாடியில் வந்த முகமது அஜ்மல், வித்யா ராம்ராஜ், ராஜேஷ் ரமேஷ், சுபா வெங்கடேசன் ஆகியோருக்கு வெள்ளி கிடைத்தது. அவ்வளவு நன்றாக ஓடியும் வெறுங்கையோடு திரும்புவதைவிடக் கசப்பு வேறில்லை.

கோட்டைக் கடந்ததும் சட்டென்று உள்ளே வெட்டக் கூடாது. நேராக எதிர்ப்புறம் வளைவு தொடங்கும் இடத்தைக் குறிவைத்துச் சாய்வாகப் போகச் சொல்லுங்கள். அதுதான் குறைந்த தூரம்; அடுத்தவர் காலில் சிக்காத வழியும் அதுவே.

8. காத்திருக்கும் வரிசை

இரண்டாம், மூன்றாம் மாற்றங்களில் வாங்குபவர்கள் தங்கள் விருப்பப்படி நிற்க முடியாது. ஓடிவருகிறவர்கள் தங்கள் சுற்றின் 200 மீட்டர் இடத்தைக் கடக்கும் வரிசைப்படி, முதல் அணி உள்பக்கம், அடுத்தது அதற்கு வெளியே என்று அதிகாரிகள் நிறுத்துவார்கள். அதன் பிறகு ஓடிவருகிறவர் நான்கு பேரை முந்தினாலும் நிற்பவர் இடம் மாறக் கூடாது. மாறினால் தகுதி நீக்கம்.

புதியவர்கள் செய்யும் தவறு இதுதான்: தன் ஆள் முந்துவதைப் பார்த்ததும் ஆர்வத்தில் உள்ளே நகர்ந்துவிடுகிறார்கள். 'கால் வேரூன்றட்டும், கண் மட்டும் ஓடட்டும்' என்று எங்கள் பிள்ளைகளிடம் சொல்வேன். முந்தி வருகிறவரோ தன் ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, கடைசி வளைவிலிருந்து வெளிவரும்போதே அந்த நேருக்கு வந்துவிட வேண்டும்.

9. பெயர்ப் பட்டியலும் அழைப்பு நேரமும்

யார் யார் ஓடுகிறார்கள், எந்த வரிசையில் என்பதை, அந்தக் கட்டத்தின் முதல் போட்டிக்கு அறிவித்த முதல் அழைப்பு (ஓடுபவர்களை அழைப்பு அறைக்குக் கூப்பிடுவது) நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஓட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பு என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முதல் அழைப்பு ஓட்டத்துக்கு வெகு முன்பே வந்துவிடும். பட்டியல் கொடுத்த பிறகு மாற்ற வேண்டுமானால், போட்டி மருத்துவரின் சான்று வேண்டும். அதுவும் கடைசி அழைப்பு வரைதான்.

கடைசிச் சுற்றுப் பெண், துப்பாக்கி வெடித்த பிறகும் இரண்டரை நிமிடம் நிற்கப்போகிறார். அழைப்பு அறையில் உட்கார்ந்திருந்த நேரம் வேறு. உடல் ஆறிவிடும். சிறு சிறு துள்ளல்கள், முழங்கால் உயர்த்தல்கள் என்று அவருக்குத் தனியாக எழுதிக் கொடுங்கள்.

10. பேட்டன் விழுந்தால்

யார் கையிலிருந்து விழுந்ததோ அவரே எடுக்க வேண்டும். மாற்றத்தின்போது விழுந்தால் கொடுத்தவர் எடுக்கட்டும். வாங்குபவர் கையில் மட்டும் முழுமையாக வந்த பிறகுதான் அது அவருடையது. எடுப்பதற்காக லேனை விட்டு வெளியே போகலாம், ஆனால் யாருக்கும் இடையூறாகக் கூடாது, ஓட வேண்டிய தூரமும் குறையக் கூடாது.

எடுக்காமல் ஓடி முடிப்பதில் பயனில்லை. 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டி இறுதியில் முன்னால் வந்துகொண்டிருந்த ஃபெம்கே போல், கோட்டுக்குச் சில மீட்டர் இருக்கும்போது விழுந்தார். பேட்டன் கையை விட்டுப் போனது. நெதர்லாந்துக்குப் பதக்கமே இல்லாமல் போனது. உடல் தளர்ந்த கடைசி மீட்டர்களில் பேட்டனை இறுகப் பிடிக்கும் பழக்கம் தானாக வராது. 300 மீட்டர் பயிற்சிகளையும் பேட்டனோடு ஓடச் சொல்லுங்கள்.

11. 4×100க்கும் அணி கேட்டால்

கலப்பு 4×100 புதிய போட்டி. 2025இல் குவாங்சோ உலகத் தொடர் ஓட்டப் போட்டியில் கனடா 40.30 விநாடியில் வென்றது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. மேலே சொன்ன அளவுகளை அங்கே கொண்டுபோகாதீர்கள். வரிசையே வேறு: பெண், பெண், ஆண், ஆண். பகுதி 30 மீட்டர். பார்க்காமல் வாங்குவதே முறை. பெண்ணிடமிருந்து ஆணுக்கு மாறும் நடு மாற்றம் ஒன்றுதான் கடினம்: ஆண் வழக்கமான அடையாளத்தில் புறப்பட்டால் பெண்ணால் எட்டிப் பிடிக்கவே முடியாது. அடையாளத்தைப் பல அடிகள் குறைத்துத் தொடங்குங்கள்.

12. கொடுத்த பிறகும், ஓடி முடித்த பிறகும்

பேட்டனைக் கொடுத்தவர் அப்படியே தன் நேரில் நின்றுவிட வேண்டும். களைப்பில் உள்ளே சரிந்தால் பின்னால் வரும் அணியை இடிப்பார். அந்தத் தவறுக்கும் தகுதி நீக்கம் உண்டு. பாதை வெறிச்சோடியதும் வெளியே வரலாம். கொடுத்த வேகத்தில் அடுத்தவரைத் தள்ளிவிடுவதும் கூடாது.

பார்வையாளர் பகுதியிலிருந்து ஒருவர் மூன்று மாற்றங்களையும் கைபேசியில் படம் பிடிக்கட்டும். ஒவ்வொரு பெண்ணும் ஆணும் எத்தனை மீட்டர் இடைவெளியில் புறப்பட்டார்கள் என்று அதில் எண்ணிப் பாருங்கள். அடுத்த வாரப் பயிற்சியின் அளவு அங்கிருந்து கிடைக்கும். முடிவில் ஏதேனும் தவறு நடந்ததாக உங்களுக்குத் தோன்றினால், அதிகாரபூர்வ முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். ஆகவே முடிவுப் பலகைக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வாங்கப் போங்கள்.